பச்சை, பொன், தளை: டிலன் தாமஸின் ‘ஃபெர்ன் ஹில்’

கிராமத்தை விட்டு வந்தவர்கள் கிராமத்தைப் பற்றி எழுதும் கவிதைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. வேப்பமரம், திண்ணை, தூர்ந்துபோன கிணறு, பாட்டியின் சுருக்குப்பை. கடைசி இரண்டு வரிகளில் இப்போது இவையெல்லாம் இல்லை என்ற தகவல். இவற்றில் பலவற்றை எழுதியவர்கள் என் நண்பர்கள் என்பதால் பெயர் சொல்லப் போவதில்லை. குறை சொன்னால் உடனே ஒரு சாட்சி கூண்டில் ஏற்றப்படுகிறார்: டிலன் தாமஸ். ‘ஃபெர்ன் ஹில்’ கவிதையில் அவரும் இதைத்தானே செய்தார் என்கிறார்கள். எதிர்த்தரப்பு நண்பர்களும் இதையே வேறு குரலில் சொல்கிறார்கள்: ஆமாம், அவரும் இதைத்தான் செய்தார், ஆகவே அதுவும் மத்தியதர வர்க்கத்துச் சொப்பனம்தான்; பண்ணை இருக்கிறது, பண்ணையில் உழைத்தவன் எங்கே? இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. பழசை நினைத்து ஏங்குகிற கவிதை அது என்பதில். நான் மறுக்க விரும்புவது அந்த உடன்பாட்டைத்தான்.

பி.ஏ. வகுப்பில் எங்களுக்குக் கிடைத்த குறிப்பும் அதே உடன்பாட்டைத்தான் சொன்னது: ‘குழந்தைப் பருவத்தின் இனிய நினைவுகள்’. பரீட்சைக்கு அது போதும். கவிதைக்குப் போதாது.

படிக்காதவர்களுக்காக மேலோட்டமான உருவம். ஆறு பத்திகள், பத்திக்கு 9 வரிகள், ஆக 54 வரிகள். ஒரு சிறுவன், ஒரு பண்ணை. ஆப்பிள் மரம், வைக்கோல் வண்டிகள், களஞ்சியம், கன்றுகள், நரிகள், ஓடை, ஆந்தை, குதிரைகள். சிறுவன் ஓடுகிறான், விளையாடுகிறான், தூங்குகிறான், விழிக்கிறான். மேலே எங்கோ ‘காலம்’ என்று ஒருவர் இருந்துகொண்டு இதையெல்லாம் அனுமதிக்கிறார். முடிவில் அனுமதி வாபஸ் ஆகிறது. நிகழ்ச்சி என்று சொல்ல இவ்வளவுதான்.

இனி சில ஸ்தூலமான விஷயங்கள். வேல்ஸின் தென்மேற்கில், கார்மார்தன்ஷயரில், லாங்கெய்ன் என்ற ஊரை ஒட்டி ஃபெர்ன்ஹில் என்ற பண்ணை வீடு இருந்தது. தாமஸுக்குப் பெரியம்மா முறையான ஆன் ஜோன்ஸும் அவர் கணவர் ஜிம்மும் அதைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள். தாமஸ் கிராமத்துப் பையன் அல்ல. 1914-ல் ஸ்வான்ஸீ நகரத்தில், பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். பண்ணைக்கு லீவு நாட்களில் வந்து போனவர். கவிதையில் இளவரசனாகத் திரிகிற சிறுவன் ஒரு குத்தகை நிலத்துக்கு விருந்தாளி. இதை மறந்துவிட்டுக் கவிதையைப் படிக்கக்கூடாது என்று எனக்குப் படுகிறது.

அந்தப் பண்ணை உண்மையில் எப்படி இருந்தது என்பதைத் தாமஸே எழுதி வைத்திருக்கிறார். 1940-ல் வெளியான அவரது சிறுகதைத் தொகுதியின் முதல் கதை ‘தி பீச்சஸ்’. பெயரை மாற்றியிருக்கிறார், இடம் அதுவேதான். இடிந்து சரிகிற தொழுவங்கள், ஈரம் ஏறிய வீடு, பாடம் செய்த நரி நிற்கும் விருந்தினர் அறை. மாமா பன்றிக்குட்டியை விற்றுக் குடிக்கிறார். பையன் இருட்டில் மதுக்கடைக்கு வெளியே வண்டியில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பணக்கார வீட்டு அம்மாள் வருகிறாள் என்று, விசேஷத்துக்காகப் பத்திரப்படுத்திய பழ டின்னைப் பெரியம்மா திறக்கிறாள்; வந்தவள் தொடவில்லை. ஏழைமையின் அவமானம் இவ்வளவு குறைந்த சொற்களில் சொல்லப்பட்ட கதைகள் அதிகமில்லை.

ஆகவே 1945-ல் ‘ஃபெர்ன் ஹில்’ எழுதும்போது தாமஸுக்கு ஞாபகம் பிசகவில்லை. பன்றிக்குட்டி விற்ற கதை அவருக்கு நன்றாகத் தெரியும். அச்சேறி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. தெரிந்தே வேறொன்றைச் செய்கிறார். அந்தக் கோடையில் பண்ணைக்குப் பக்கத்திலேயே, ப்ளேன்கூம் என்ற இடத்தில் குடும்பத்துக்குச் சொந்தமான சிறு வீட்டில் தங்கியிருந்தார். கவிதை அந்த அக்டோபரில் ‘ஹொரைஸன்’ பத்திரிகையில் வந்தது. 1946-ல் வந்த ‘டெத்ஸ் அண்ட் என்ட்ரன்ஸஸ்’ தொகுதியின் கடைசிக் கவிதை இதுவே. அச்சுக்குப் போகிற கட்டத்தில், இது அவசியம் சேரவேண்டும் என்று பதிப்பகத்துக்கு எழுதிச் சேர்த்தார். தொகுதியில் இதற்கு முன்னால் நிற்பவை எவை? லண்டனில் குண்டுவீச்சுத் தீயில் எரிந்த குழந்தையைப் பற்றிய கவிதை. தீத்தாக்குதலுக்குப் பின் செய்யும் சடங்காக அமைந்த கவிதை. 1941 பிப்ரவரியில் மூன்று இரவுகள் விழுந்த குண்டுகளில் ஸ்வான்ஸீயின் மையப்பகுதி, அவர் திரிந்த தெருக்கள், எரிந்துபோயின. அந்தச் சாம்பலைத் தாண்டி வந்துதான் வாசகன் இந்தப் பச்சையை மிதிக்கிறான். தனியாகப் பெயர்த்தெடுத்து பாடத்திட்டத்தில் வைத்தபோது தொலைந்த முதல் விஷயம் இது.

இனிக் கவிதைக்குள்.

அதன் முதல் சொல் ‘இப்போது’ என்ற பொருள் தருவது. ஆனால் அடுத்து வருகிற வினை இறந்தகாலம். ஆங்கிலத்தில் கதை சொல்கிறவன் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மாதிரி அந்தச் சொல்லைப் போட்டுத் தொடங்குவது உண்டு. நம்மூரில் ‘அப்ப என்னாச்சுன்னா’ என்கிற மாதிரி. அந்த வழக்கின் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, ‘இப்போது’ என்பதையும் ‘இருந்தேன்’ என்பதையும் ஒரே மூச்சில் வைத்துவிடுகிறார். கவிதை முழுவதும் அந்தக் கீறலுக்குள் நடக்கிறது. கொஞ்சம் தள்ளி, குழந்தைக் கதைகளின் தொடக்க வாய்பாட்டையும் ஒரே ஒரு சொல்லை மாற்றித் தலைகீழாக்குகிறார்: ஒரு காலத்தின் ‘மேல்’ நடந்ததாக அல்லாமல் ‘கீழ்’ நடந்ததாக. சிறுவன் காலத்துக்கு அடியில் இருக்கிறான். மேலே கூரை இருப்பது அவனுக்குத் தெரியாது.

‘காலம்’ என்ற இந்தப் பாத்திரம் எங்கெங்கே வருகிறது என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். முதல் பத்தியில் வருகிறது. இரண்டாவதில் வருகிறது. இரண்டு இடத்திலும் வினை ஒன்றே: விடுவது. ஏறவிடுகிறது, விளையாடவிடுகிறது. மூன்றாம் பத்தியில் காலம் இல்லை. நான்காவதில் இல்லை. ஐந்தாவதின் பிற்பகுதியில் திரும்புகிறது. ஆறாவதில் அதன் பிடி இறுகுகிறது.

இப்போது வேறு நிறப் பென்சிலால் ‘நான்’ என்ற சொல்லைக் கோடிடுங்கள். முதலிரண்டு பத்திகளில் ‘நான்’ தாராளமாகப் புழங்குகிறது: இளவரசன் நான், வேடன் நான், மேய்ப்பவன் நான். மூன்றாவதில் பகல் முழுவதும் ‘நான்’ கிடையாது. ‘அது’ ஓடுகிறது, ‘அது’ காற்றாக இருக்கிறது. ஓடியது யார், விளையாடியது யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. இரவில் தூங்கப் போகும்போது மட்டும் ‘நான்’ எட்டிப் பார்க்கிறது. நான்காம் பத்தியில், பண்ணை பனியோடு திரும்பி வருகிற அந்தக் காலைப் பொழுதின் 9 வரிகளில், ‘நான்’ ஒரு தடவைகூட இல்லை.

காலம் இல்லாத இடத்தில் நானும் இல்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கவிதைக்கு 200-க்கும் மேற்பட்ட வரைவுத்தாள்கள் இருந்ததாக, தாமஸின் அமெரிக்கப் பயணங்களை ஏற்பாடு செய்த ஜான் மால்கம் பிரின்னின் எழுதியிருக்கிறார். அத்தனை தரம் அடித்து எழுதியவருக்கு ‘நான்’ எங்கே விழுகிறது என்று தெரியாமல் இருக்காது. தெரியாமல் விழுந்திருந்தாலும் நமக்கு ஒன்றுதான். கவிதை அதைச் செய்கிறது.

நான்காம் பத்தியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இதுதான் எல்லோரும் பாராட்டுகிற பத்தி, எனக்கு மிகக் குறைவாகப் பிடிக்கிற பத்தியும் இதுதான். ஆதாமும் கன்னியும் வருகிறார்கள். படைப்பின் முதல் ஒளி வருகிறது. சேப்பலில் பைபிள் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மூச்சைப் போல இயல்பாக இருக்கலாம். எனக்கு ஈடன் தோட்டம் கைக்கெட்டுகிற பரணிலிருந்து எடுத்த சாமான் போலத்தான் படுகிறது. தொழுவத்திலிருந்து கதகதப்போடு வெளியே வருகிற குதிரைகள் அல்லவா அந்தப் பத்தியின் நிஜம்! ஆனால் பழகிய சாமானிலும் ஒரு விரிசல் வைத்திருக்கிறார். முதல் ஒளி பிறந்த பிறகு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஊகத்தின் வினையில் பேசுகிறார். கண்டவன் இப்படிப் பேசமாட்டான். நினைவுகூர்கிறவனும் இப்படிப் பேசமாட்டான். ஆனந்தத்தின் உச்சத்தில், அங்கே இல்லாத ஒருவன் ஊகித்துக்கொண்டிருக்கிறான். அங்கே இருந்தவனுக்கோ ‘நான்’ என்று சொல்ல வாய் இல்லை.

வேர்ட்ஸ்வொர்த்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1798-ன் ‘டின்டர்ன் ஆபி’யில் வளர்ந்த மனிதன் ஆற்றங்கரையில் நிற்கிறான், பக்கத்தில் தங்கை. இழந்தது இது, பதிலுக்குப் பெற்றது இது என்று கணக்கைத் தீர்க்கிறான். எங்கள் பேரேட்டைப் போல இரண்டு பக்கமும் சரியாகிவிடுகிறது. தாமஸின் கவிதையில் வளர்ந்தவனுக்கு நிற்க இடமே தரப்படவில்லை. ஆற்றங்கரை இல்லை, தங்கை இல்லை, பதிலுக்குப் பெற்றதும் இல்லை. அவன் விழித்துப் பார்க்கும்போது பண்ணையும் இல்லை.

பொழுதைப் பற்றி நமது இலக்கணக்காரர்களிடம் ஒரு பார்வை இருக்கிறது. இந்தக் கவிதையைத் திறக்க அது ஆங்கில விமர்சகர்களின் சாவியைவிட எனக்கு உதவியது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லவில்லை. நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. முல்லை என்றால் காடும் மேய்ச்சலும் மட்டுமல்ல, கார்காலமும் மாலையும்கூட. காலம் வெளியிலிருந்து நிலத்துக்குள் நுழைந்து அதைக் கெடுக்கிற எதிரி அல்ல. நிலத்தின் பாதியே அதுதான். பொழுதையும் ஆண்டின் பருவங்களான பெரும்பொழுது, நாளின் கூறுகளான சிறுபொழுது என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

இந்தப் பிரிவினையோடு ‘ஃபெர்ன் ஹில்’லுக்குத் திரும்பினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அங்கே சிறுபொழுது இடைவிடாமல் ஓடுகிறது: பகல், இரவு, விடியல், மறுபடி பகல். பெரும்பொழுது நகர்வதே இல்லை. உதிர்ந்த ஆப்பிள் இலையுதிர் காலத்துடையது, வைக்கோல் கோடையுடையது, ஆட்டுக்குட்டியும் டெய்சிப் பூவும் வசந்தத்துடையவை. எல்லாம் ஒரே முற்றத்தில் ஒன்றாகக் கிடக்கின்றன. எந்தப் பருவத்தின் பெயரும் கவிதையில் சொல்லப்படவில்லை. பனிக்காலம் அறவே இல்லை. சிறுவன் சிறுபொழுதில் வாழ்கிறான். ஒரு நாள் போனால் இன்னொரு நாள். பெரும்பொழுது அவனுக்குத் தெரியாமல் அவன் தலைக்கு மேல் நகர்கிறது. சூரியனைப் பற்றிக் கவிதை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்வதற்கும் காரணம் இதுதான். இரண்டாம் பத்தியில் சூரியனுக்கு இளமை ஒரு தரம்தான். ஐந்தாம் பத்தியில் அது திரும்பத் திரும்பப் பிறக்கிறது. முன்னது பெரும்பொழுதின் கணக்கு, பின்னது சிறுபொழுதின் கணக்கு. இரண்டும் மெய். இதை முரண்பாடு என்று எழுதிய ஒரு கட்டுரையை ஒரு சமயம் படித்தேன். எழுதியவர் ஒரு வயலையாவது ஒரு வருஷம் முழுக்கப் பார்த்திருக்க மாட்டார்.

நிறங்களிலும் இதே இரட்டைக் கணக்கு. பச்சையும் பொன்னும் சேர்ந்து சேர்ந்து வருகின்றன. ஆங்கிலத்தில் பச்சை என்றால் பழுக்காதது, அனுபவமில்லாதது என்றும் பொருள் உண்டு. நமக்கு அது இன்னும் ஆழமாகப் போகிறது. பச்சை மண் என்கிறோம், பச்சைக் குழந்தை என்கிறோம், பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். சுடாத மண், ஆறாத உடம்பு. பச்சை என்பது எதற்கும் தயாராகாத நிலை. பொன்னை மட்டும் பெருமை, ஒளி, பொற்காலம் என்றே எல்லா உரைகளும் சொல்கின்றன. கவிதையில் சிறுவனும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான்.

ஆனால் வயலில் பொன் என்றால் என்ன? நான் வேலை பார்க்கிற கிளையில் பயிர்க்கடன் மனுக்கள் என் மேஜைக்கு வருகின்றன. சிட்டா, அடங்கல், எத்தனை ஏக்கர், என்ன பயிர். தவணைத் தேதியைப் பயிரின் வயதை வைத்துத்தான் போடுகிறோம். அறுப்பு முடிந்து கையில் காசு வருகிற சமயம். பச்சைப் பயிர் பொன்னிறமாகிறது என்றால் அறுவாள் வரப்போகிறது, அதன்பின் தேதி வரப்போகிறது. கதிருக்குப் பொன்னிறம் கிரீடமல்ல, வயசு. தாமஸ் இந்தக் கணக்கை அறிந்து எழுதினாரா என்பது கேள்வியல்ல. பார்லியும் வைக்கோலும் நிறைந்த கவிதையில் பொன் என்ற நிறம் வேறெங்கிருந்து வந்திருக்கும்? கடைசிப் பத்தியில் பச்சையோடு சேர்ந்து வரவேண்டிய இடத்தில் பொன் வரவில்லை. சாவதைக் குறிக்கும் சொல் வருகிறது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார் என்று உரைகள் சொல்லும். வைக்கவே இல்லை என்பேன். ஆரம்பத்திலிருந்தே பொன்னுக்குள் இருந்த சொல்லை அங்கே உரித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது அர்த்தத்தின் தளத்தில். உருவத்தின் தளத்தில் நடப்பது இதைவிடப் பெரியது. நமது நண்பர்கள் கவனிக்க வேண்டியதும் அது.

‘ஃபெர்ன் ஹில்’லைக் கேட்கிறவர்கள் அது கட்டறுத்து ஓடுகிற கவிதை என்று நினைப்பார்கள். தாமஸ் 1952-ல் கேட்மன் நிறுவனத்துக்காக வாசித்த ஒலிப்பதிவு இந்தப் பிரமையை வளர்த்தது. அந்தக் குரல் எதையும் மகத்தானதாக்கிவிடும். முதலில் அதைக் கேட்காமலிருப்பது நல்லது. முதலில் விரல்விட்டு எண்ணுங்கள். நேரசை, நிரையசை என்று அல்ல. வாயில் ஒவ்வொரு தடவையாக எழுகிற ஒலியசையை மட்டும். முதல் பத்தியின் ஒன்பது வரிகள், ஆறாம் வரியில் ஓரசை கூடுவதைத் தவிர்த்தால், இப்படி வரும்: 14, 14, 9, 6, 9, 14, 14, 7, 9. இரண்டாம் பத்தியும் அதுவே. மூன்று, நான்கு, ஐந்தாம் பத்திகளில் முதல் ஏழு வரிகள் அதே எண்ணிக்கை. கடைசி இரண்டு வரிகள் மட்டும் 9, 6 என்று மாறுகின்றன. ஆறாம் பத்தியில் மறுபடியும் 7, 9. வரிக்கடைசியில் பெரும்பாலும் முழு இயைபு கிடையாது. ஆனால் உயிரொலிகள் தூரத்திலிருந்து ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கின்றன. இப்படியாக 54 வரிகள். ஓடுகிற சிறுவனின் கால்களுக்குக் கீழே அங்குலம் பிசகாத தரை.

காலம் வாய்ப்பேச்சில் வராத மூன்றாம், நான்காம் பத்திகளில்கூட அது எண்ணிக்கையாக இருந்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுவனுக்குத் தெரியாதது அசைக்குத் தெரியும். ‘காலம் கொடியது’ என்று சொல்ல யாராலும் முடியும். காலத்தைக் கவிதையின் கருப்பொருளாக்குவது சுலபம். அதை அளவாக்குவது வேறு காரியம். தாமஸ் காலத்தைப் பற்றி எழுதவில்லை, காலத்துக்குள் எழுதினார்.

நமது யாப்பிலக்கணத்தில் சீருக்கும் சீருக்கும் இடையேயான பிணைப்புக்குப் பெயர் தளை. தளை என்றால் விலங்கு. ‘ஃபெர்ன் ஹில்’லின் கடைசி வரியில் பாடுகிறவன் தளைகளோடுதான் பாடுகிறான். அந்தத் தளை மரணம் என்று உரை சொல்லும், மூப்பு என்று சொல்லும். சரிதான். ஆனால் முதலில் அது அவன் பாடிக்கொண்டிருக்கிற அந்த 14, 14, 9, 6. கடலும் அப்படித்தான், கரை என்கிற கட்டும் நிலவு என்கிற கயிறும் இல்லாவிட்டால் அலை ஏது?

1959-ல் ‘எழுத்து’ தொடங்கிய காலத்திலிருந்து நாம் யாப்பின் தளையை அறுத்ததைப் பற்றி நியாயமாகவே பெருமைப்பட்டு வந்திருக்கிறோம். செத்துப்போன தளையை அறுத்தது சரி. வெண்பாவுக்குத் திரும்புவோம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். அறுத்த இடத்தில் கவிஞன் தனக்கென்று ஒரு தளையைப் பூட்டிக்கொண்டானா என்பதே என் கேள்வி. முதல் வரிசைக் கவிஞர்கள் பூட்டிக்கொண்டார்கள். மௌனமாக, தங்கள் பேச்சின் லயத்தில், வாக்கியத்தின் முறிவில். கிராமத்துக் கவிதைகளில் எனக்குக் கிடைக்காதது அதுதான். அங்கே வேப்பமரம் இருக்கிறது, வேப்பமரத்தின் மேல் காலம் ஏறவில்லை. ‘எல்லாம் போயிற்று’ என்று வரிகள் சொல்கின்றன. சொல்கிற வரிகளுக்கு எதுவும் போகவில்லை, சௌக்கியமாக உட்கார்ந்திருக்கின்றன. சொல்கிறவனுடைய ‘நான்’ முதல் வரியில் இருந்தபடியே கடைசி வரியிலும் இருக்கிறது. இழப்பைப் பற்றிய கவிதையில் எதையும் இழக்காதவனாகக் கவிஞன் வெளியே வந்தால், வாசகன் அங்கே எதை நம்புவது?

உழைப்பாளி எங்கே என்ற கேள்வி. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-ல் ‘தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி’ நூலில் இதைக் கூர்மையாகக் கேட்டார். பென் ஜான்ஸனும் தாமஸ் கேர்யூவும் பிரபுக்களின் மாளிகைகளைப் பாடிய கவிதைகளில் மீன் தானாக வலைக்கு வருகிறது, பழம் தானாகக் கைக்கு வருகிறது. பிடித்தவனும் பறித்தவனும் துடைத்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். வில்லியம்ஸும் வேல்ஸ்காரர், எல்லையோரக் கிராமத்தில் ரயில்வே சிக்னல்காரரின் மகன். கேட்க அவருக்கு உரிமை உண்டு. ‘ஃபெர்ன் ஹில்’லிடமும் கேட்கலாம். கவிதையில் பெரியம்மா இல்லை, மாமா இல்லை, பெயருள்ள மனிதர் ஒருவர்கூட இல்லை. வைக்கோலை யார் வெட்டினார்கள், யார் அடுக்கினார்கள்? தெரியாது. சிறுவன் வண்டிகளின் நடுவே மரியாதை பெற்றுத் திரிகிறான்.

ஆனால் ஜான்ஸனின் கவிதையில் துடைத்தெடுத்தவன் அந்த மாளிகையில் சாப்பிட்டுவிட்டு வந்தவன். இங்கே துடைத்தெடுப்பது சிறுவனின் அறியாமை; கவிதை அந்த அறியாமையை அறிந்திருக்கிறது, அதற்கு விலை வைக்கிறது. தனக்குச் சொந்தமில்லாத எஜமான்தனத்தைக் காலத்தின் தயவில் அனுபவித்தான் என்று இரண்டு முறை சொல்கிறது. குத்தகை என்பது வேறு என்ன? பெரியம்மாவுக்கு உரியதை வேறிடத்தில் கொடுத்துவிட்டார் தாமஸ். ஆன் ஜோன்ஸ் 1933-ல் இறந்தாள். அவள் நினைவாக 1938-ல் முடித்த ‘ஆஃப்டர் தி ஃப்யூனரல்’ கவிதையில் அவளது தேய்ந்த கைகள் இருக்கின்றன, அந்த நரியும் இருக்கிறது. இருந்தாலும் எதிர்த்தரப்பு நண்பர்களுக்கு நான் பாதி விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ‘ஃபெர்ன் ஹில்’லில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் அவள் ஒரு கணமாவது நகர்ந்திருந்தால் அந்த நான்காம் பத்திக்கு ஆதாம் தேவைப்பட்டிருக்க மாட்டான்.

இன்னொரு துடைத்தெடுப்பு யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பண்ணையின் பேச்சு வெல்ஷ். தாமஸின் பெற்றோருக்கு அந்த மொழி தெரியும், பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கவிதையில் ஒரு வெல்ஷ் சொல்கூட இல்லை. ஒருவன் தன் அடையாளத்தைத் தேடிப் போகிற இடத்தில் அவனுக்குத் தெரியாத மொழி பேசப்பட்டுக்கொண்டிருந்தது. ஆந்தையும் நரியும் கன்றும் இவ்வளவு சத்தமாக இருக்கிற பண்ணையில் மனிதக்குரல் ஒன்றும் கேட்காததற்கு இதுவும் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நிரூபிக்க வழியில்லை.

முதல் பத்தியின் அந்த ஆறாம் வரியைத் தவிர, அந்த 54 வரிகளில் எண்ணிக்கை இடறுவது, என் காதுக்கு, இரண்டே இடத்தில். மூன்றாம் பத்தியில் தீயைக் குறிக்கும் சொல்லை நீட்டி இரண்டு அசையாக உச்சரித்தால் ஒன்று சரியாகிவிடும். மற்றது கடைசிப் பத்தியின் ஏழாம் வரி. முதல் பத்தியின் தொடக்கத்தையும், காலத்தின் தயவைப் பற்றி இரண்டாம் பத்தியில் வந்த சொற்களையும் அங்கே ஒட்டவைக்கிறார். ஒட்டினால் கணக்காக 14 வருகிறது. ஆனால் வரியில் 15 இருக்கிறது. கூடுதலாக நிற்பது எது என்று பார்த்தால், வரியின் தலையில் ஒரு ‘ஓ’. கணக்குக்கு அடங்காமல் வந்த ஒரே ஒரு பெருமூச்சு. அடுத்த வரியில் காலம் பிடித்துக்கொள்கிறது; 7, 9 என்று கணக்கு திரும்பிவிடுகிறது.

இதைத் தமிழில் கொண்டுவருவது பற்றி. அந்தக் கடைசி வரியில் ஆங்கிலம் ‘நான்’ என்பதை முன்னால் வைத்துவிடுகிறது. பாட்டும் தளையும் நடுவில். கடைசிச் சொல் கடல். ‘நான்’ புறப்பட்டுப் போய்க் கடலில் கரைகிறது. தமிழில் வினை கடைசியில் வந்து நிற்கும்; அதன் வாலில் ‘ஏன்’ என்ற விகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். கடலை முன்னால் அனுப்பிவிட்டு ‘நான்’ கரையில் பத்திரமாக நிற்பான். கவிதை ஆறு பத்திகளில் செய்து முடித்ததை ஒரு விகுதி கவிழ்த்துவிடுகிறது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்; மூன்றிலும் கடலைக் கடைசிக்குத் தள்ளினால் வாக்கியம் முறிகிறது. முறியாமல் வைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இரண்டு மூன்று பேராவது உண்டு என்று எனக்குத் தெரியும். அனுப்பட்டும், இந்தப் பக்கங்களிலேயே போடலாம். அசைக் கணக்கை இப்போதைக்கு நான் கேட்கவில்லை.